முகவரி பயன்பாட்டில் உள்ளது

ஞாயிற்றுக்கிழமை காலை, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குரலை மெஹருன்னிசா நிறுத்தினாள். இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. முந்தின நாளே எல்லோருக்கும் தகவல் போயிருந்தது.

கோயம்புத்தூர் பீளமேட்டில் இருந்த அந்த நிறுவனத்துக்குக் குரல்மையம் என்று பெயர். நரம்பு நோயாலோ விபத்தாலோ பேச்சை இழந்தவர்களின் மண்டையோட்டுக்குக் கீழே நகத்தளவு தகடு ஒன்றைப் பதித்துவிடுவார்கள். பேச வேண்டும் என்று நினைக்கும்போது மூளையில் ஓடும் சிறு மின் அசைவுகளை அந்தத் தகடு இணையம் வழியாகக் குரல்மையத்துக்கு அனுப்பும். அங்கே சர்வரில் ஓடும் புரோகிராம் அவற்றைச் சொற்களாக மாற்றி, தலைமாட்டில் இருக்கும் ஸ்பீக்கரில் அவரவர் பழைய குரலிலேயே பேச வைக்கும். அதே சொற்கள் தகட்டுக்கும் திரும்பிப் போகும். தான் பேசியது தனக்கே உள்ளுக்குள் கேட்டால்தான் மனிதரால் தொடர்ந்து பேச முடிகிறது என்று ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்த புரோகிராமில் பாதி மெஹர் எழுதியது. புதிய பதிப்பைப் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கும் நேரம் அவளுக்குப் பிடிக்கும். கறுப்புத் திரையில் தகடுகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். சேலம், கரூர், உடுமலை என்று ஊர்ப்பெயர்கள் மளமளவென்று இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு நெஞ்சு படபடக்கும்.

இன்று ஓர் ஊரும் வரவில்லை. திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

மறுபடி தொடங்கிப் பார்த்தாள். அதே வரி. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மையத்தின் நிர்வாகி குழந்தைவேல் அதற்குள் வந்துவிட்டார். மருந்துக் கம்பெனி விற்பனையில் வளர்ந்து வந்தவர். கம்ப்யூட்டர் தெரியாது என்பதை அவர் மறைப்பதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வார். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அவள் பின்னால் வந்து நிற்பார். என்னம்மா ஆச்சு என்று கேட்டார்.

யாரோ நம் வாசலில் நிற்கிறார்கள் என்றாள் மெஹர். சர்வரில் இணைப்புக்கென்று எண் போட்ட வாசல்கள் உண்டு. தகடுகள் எல்லாம் ஒரே எண்ணுள்ள வாசலுக்குத்தான் வரும். புரோகிராம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு வாசலில் ஒருவர்தான் உட்கார முடியும்.

"போன் பேசி வெச்ச பிறகும் லைன் கொஞ்ச நேரம் திறந்திருக்கிற மாதிரி சார்" என்றாள். "வழியில மாட்டின கடைசி வார்த்தை ஏதாவது வந்து சேருமான்னு சிஸ்டம் காத்திருக்கும். அப்புறம் தானா விட்டுடும். வழக்கமா இந்த எர்ரர் அதனாலதான் வரும்."

"அப்ப காத்திருக்கலாமே."

"அதைக் கண்டுக்க வேண்டாம்னு புரோகிராம்ல நானே எழுதி வெச்சிருக்கேன். அதனால இது அது இல்ல. அதான் இடிக்குது."

வாசலைப் பிடித்திருப்பது யார் என்று சர்வரிடமே கேட்டாள். பதில் வந்தது. தாய் புரோகிராம் தன் வேலையைப் பிரித்துக் கொடுக்கப் பல கிளைகளை உண்டாக்கும். ஒவ்வொரு கிளையும் சில நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும். தாய் நின்றால் கிளைகளும் நின்றுவிட வேண்டும். ஒரு கிளை மட்டும் நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன், கடைசி ரீஸ்டார்ட்டின்போது உண்டான கிளை அது. எப்போதோ தாயோடு தொடர்பு அறுந்து, தாய்க்கே தெரியாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறக்கும்போது தாயிடமிருந்து வாசல் சாவியின் நகல் ஒன்று அதன் கைக்கும் வந்திருந்தது. தாய் போன பிறகும் அந்தச் சாவியை அது விடவில்லை.

குழந்தைவேல் கேள்விகளை அடுக்கினார். வேறு எண்ணுள்ள வாசலில் தொடங்கினால் என்ன? தகடுகளுக்கு இந்த எண் ஒன்றுதான் தெரியும், உள்ளேயே பதித்தாயிற்று. மொத்த மெஷினையும் அணைத்துப் போட்டால்? போடலாம், அந்தக் கிளையைக் கில் பண்ணினாலும் போதும், ஒரு வரிதான்.

"பண்ணும்மா அப்ப."

மெஹர் அந்த வரியை அடித்துவிட்டிருந்தாள். என்ட்டர் தட்டுவதுதான் பாக்கி. அந்த நேரத்தில் குழந்தைவேலின் போன் அடித்தது.

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மருத்துவமனை. மைனாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கூட்டர் விபத்தில் அவளுக்குப் பேச்சும் வலது கையும் போயின; தகட்டின் மூலம்தான் பேசுகிறாள். வலி நாளை மறுநாள்தான் என்று நினைத்திருந்தார்கள், இன்றே வந்துவிட்டது. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று டாக்டர் கேட்கிறார். அவள் உதட்டை அசைக்கிறாள், சத்தம் வரவில்லை. அவளுடைய அண்ணன்தான் போனில். இரண்டு நிமிடம் என்றீர்களே, எப்போது வரும் என்று கேட்டான். அவன் கத்தவில்லை, அது குழந்தைவேலை இன்னும் பதறவைத்தது.

இப்போதே வரும் என்று சொல்லி வைத்தார். மெஹரைப் பார்த்தார். அவள் கை என்ட்டர் மேல் இல்லை. திரையின் வேறொரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிளையோடு இரண்டு இணைப்புகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு தகடுகள். அவற்றின் வழியே எத்தனை பைட் தகவல் போயிருக்கிறது என்று காட்டும் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

அது வெறும் இதயத்துடிப்பு மாதிரி சிக்னலாக இருக்கும், தகடு உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் இல்லையா, நீதானே ஒரு தடவை சொன்னாய் என்றார் குழந்தைவேல். சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் துடிப்பு எப்போதும் ஒரே அளவில் வரும். இது ஒரு தடவை கொஞ்சம் ஏறியது, ஒரு தடவை நிறைய ஏறியது, பிறகு நின்றது. மெஹர் இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

முதல் எண் ஏறும்போது இரண்டாவது நின்றது. முதலாவது நின்றதும் இரண்டாவது ஏறியது. பிறகு மறுபடி முதலாவது.

மெஹரின் முதுகு நிமிர்ந்தது. "சார், இது பேச்சு" என்றாள். "ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருக்கார்."

தகடுகளின் எண்ணைக் கொண்டு ஆட்களைத் தேடினாள். இருவரும் பட்டியலில் முடித்து வைக்கப்பட்டவர்கள். ஒருவர் சுலோச்சனா. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். இப்போது பொள்ளாச்சியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். இன்னொருவர் ராயப்பன். தூத்துக்குடிக்காரர், லாரி டிரைவர். நாகர்கோவிலில் வேறொரு இல்லத்தில் இருக்கிறார். இருவருக்கும் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டும் ஒரே நோய். கை கால் போய், விழுங்குவது போய், கடைசியில் கண்ணசைவும் நின்றது. அதே சமயத்தில் தகட்டிலிருந்து வந்த சொற்களும் நின்றன. இனி உள்ளே யாரும் இல்லை என்று டாக்டர்கள் எழுதிவிட்டார்கள்.

மெஹர் டாக்டர் உஷாநந்தினியைப் போனில் பிடித்தாள். குரல்மையத்தின் நரம்பியல் மருத்துவர் அவர். அவர் எழுதியதுதான் அந்தக் குறிப்பு. மெஹர் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சுலோச்சனாவோட வீட்டுக்காரர் நாளைக்கு வர்றார்" என்றார். "சாப்பாட்டு டியூபை எடுக்கிறதுக்குச் சம்மதிச்சிருக்கார். மூணு மாசமா அவரோட பேசிப் பேசி நான்தான் சம்மதிக்க வெச்சேன்."

பிறகு உஷாநந்தினியே, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கேட்டாரே தவிர, பதில் அவருக்கும் தெரியும். மற்றவர்களின் தகடுகளுக்கு, தாமதமானால் அரை மணி நேரம் வரை பொறுத்திருங்கள், திரும்ப வருவோம் என்று நேற்றே செய்தி போயிருந்தது. இந்த இருவரும் முடித்து வைக்கப்பட்டவர்கள் என்பதால் அவர்களுக்குப் போகவில்லை. சட்டென்று அறுந்தால் தகடு தூங்கிவிடும். அதை எழுப்ப நோயாளி கண் சிமிட்டிப் பதில் சொல்ல வேண்டும். இவர்களால் இனி சிமிட்ட முடியாது.

ஆனால் அந்த அரை மணி நேரம் மற்றவர்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அது தாண்டினால் மூவாயிரம் தகடுகளும் தூங்கிவிடும். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து எழுப்ப வாரக்கணக்கில் ஆகும். கோபியில் மைனாவதி வலியோடு காத்திருந்தாள்.

குழந்தைவேல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ரெண்டு பேருக்காக மூவாயிரம் பேரை நிறுத்தி வைக்க முடியாதே என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். மூவாயிரம் பேருக்காக ரெண்டு பேரைக் கொல்லவும் முடியாது என்றார் டாக்டர், போனிலிருந்து. அவர் குரலில் கோபம் இருந்தது, அது தன் மேலேயே கொண்ட கோபம் என்று தெரிந்தது.

மெஹர் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது பயம் இல்லை என்பதைக் குழந்தைவேல் கவனித்தார்.

"சார், கிளையோட கையில மூணு சாவி இருக்கு" என்றாள். "ரெண்டு, இவங்க ரெண்டு பேரோட இணைப்பு. மூணாவதுதான் வாசல் சாவி. அது கிளைக்குத் தேவையே இல்ல. அதை மட்டும் கையிலிருந்து எடுத்துட்டா போதும். கிளை ஓடிட்டே இருக்கும், வாசலும் நமக்குக் கிடைச்சிடும்."

"ஓடுற வண்டியில சக்கரத்தை மாத்துற மாதிரி சொல்றியேம்மா."

"ஒரு நொடி நிறுத்தித்தான் மாத்தணும்."

ஓடும் புரோகிராமுக்குள் நுழைந்து பார்க்க ஒரு கருவி உண்டு. பிழை தேட வைத்திருப்பது. அதை வைத்து கிளையை உறையவைத்து, இந்தச் சாவியை விட்டுவிடு என்று அதன் வாயாலேயே சொல்லவைத்து, மறுபடி ஓட விடலாம். சிக்கல் என்னவென்றால், உறைந்திருக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் இருக்கும் தகடுகளுக்குப் பதில் போகாது. சில நொடிதான் பொறுக்கும். அதற்கு மேல் போனால் கிளையைக் கொன்றதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சாவி எண்ணைத் தவறாகச் சொல்லிவிட்டால், இருவரில் ஒருவர் போய்விடுவார்.

சோதனைக்கென்று வைத்திருந்த மெஷினில் அதேபோல ஒரு கிளையையும் போலித் தகட்டையும் உண்டாக்கி, முதலில் அதில் செய்து பார்த்தாள். கையால் ஒவ்வொரு கட்டளையாக அடித்தபோது நேரம் தாண்டியது. போலித் தகடு தூங்கிப்போனது. குழந்தைவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெஹர் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்து, ஒரே தட்டில் ஓடும்படி செய்தாள். இரண்டாவது தடவை, தகடு விழித்தே இருந்தது. வாசல் திறந்தது.

கோபியிலிருந்து மறுபடி போன் வந்தது. குழந்தைவேல் அதை எடுத்து, இன்னும் கொஞ்ச நேரம் தம்பி, அவங்க கையைப் பிடிச்சுக்குங்க என்று மட்டும் சொன்னார்.

உண்மையான கிளையின் சாவி எண்களை மெஹர் மூன்று தடவை சரிபார்த்தாள். குழந்தைவேலையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். அவர் ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாகப் படித்தார். இப்போது எண்கள் இரண்டும் நின்றிருந்தன. இருவரில் யாரும் பேசவில்லை. இதைவிட நல்ல நேரம் வராது. தட்டினாள்.

திரை உறைந்தது. உறைந்தே இருந்தது. பிறகு விட்டது.

வாசலின் பேரில் யாரும் இல்லை. கிளை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு எண்களில் ஒன்று மெல்ல ஏறியது. மற்றது ஏறவில்லை. மெஹர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஏறியது.

புதிய புரோகிராமைத் தொடங்கினாள். எந்த வரியும் குறுக்கே வரவில்லை. முதலில் தாராபுரம் வந்து ஒட்டியது. பிறகு நாமக்கல், மேட்டுப்பாளையம், திண்டுக்கல். அப்புறம் படிக்க முடியாத வேகத்தில் ஊர்கள் கொட்டின. குழந்தைவேல் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கோபி, கோபி என்று தேடினார். கோபி வந்தபோது, ஐபிஎல்லில் கடைசிப் பந்து சிக்ஸர் போனது போல மேஜையைத் தட்டினார்.

போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் பிரசவ அறையின் சத்தங்களுக்கு நடுவே மைனாவதியின் குரல் தெளிவாக வந்தது. முதலில் அந்த ஃபேனைக் கூட்டி வையுங்கள், வேர்த்து ஊத்துகிறது என்றாள். பிறகு முதுகில் வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது அந்த இருவர் மிச்சம். கிளை தாயைத் தொலைத்தபோது என்ன ஆனது என்று மெஹருக்குப் புரியத் தொடங்கியிருந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் பாதை தாய் வழியாகப் போவது. அது அறுந்ததும், அந்தப் பாதைக்கு இருந்த எண் காலியானது. காலியான எண்ணை சிஸ்டம் அடுத்து வந்தவருக்குக் கொடுத்துவிடும். அப்படித்தான் சுலோச்சனாவின் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சொற்கள் ராயப்பனின் தகட்டுக்குப் போயிருக்கின்றன. ராயப்பனுடையவை சுலோச்சனாவுக்கு.

"டாக்டர், அவங்க பேசுறதை என்னால படிக்க முடியும்" என்றாள். "படிக்கலாமா?"

உஷாநந்தினி யோசித்தார். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பதுதான் அது. ஆனால் அவர்கள் இருக்கிறார்கள் என்று நாளை ஒருவரிடம் சொல்லியாக வேண்டும், அதற்கு வேறு வழியில்லை. படிங்க என்றார்.

சொற்கள் திரையில் வந்தன.

சுலோச்சனா: பாலம் வந்துருச்சா?

ராயப்பன்: இந்தா வந்துட்டு. கீழ பாரு, துங்கபத்ரா. தண்ணி கம்மியாத்தான் ஓடுது. தாண்டிட்டா கர்னூல்.

சுலோச்சனா: மெதுவாப் போ. எனக்கு ஆத்தைப் பாக்கணும். கர்னூல்ல டீ குடிக்கலாம்.

ராயப்பன்: நல்ல டீக்கடை ஒண்ணு இருக்கு. சர்தார் கடை. நீ குடிச்சிருக்கவே மாட்ட.

மெஹர் படித்துக் காட்டக் காட்ட டாக்டர் அந்தப் பக்கம் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு டில்லி வரை ஓட்டியவர் ராயப்பன் என்பது நோயாளிக் குறிப்பில் இருந்தது. இல்லத்துக் கட்டில்களில் அசையாமல் கிடந்துகொண்டு, இருவரும் அந்தச் சாலையில் டில்லியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் கேட்கும்படி உள்ளே ஒரு வாக்கியம் அனுப்பவும் முடியும். டாக்டர் சுலோச்சனாவின் கணவர் ரங்கராஜை இன்னொரு போனில் கூப்பிட்டுக் காத்திருக்க வைத்தார். என்ன விஷயம் என்று இன்னும் சொல்லவில்லை. மெஹர் எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். வணக்கம், நான் குரல்மையத்திலிருந்து மெஹருன்னிசா. சுலோச்சனா அம்மா, ராயப்பன் ஐயா, நீங்கள் இரண்டு பேரும் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது. நீங்கள் இருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

அனுப்பினாள். இரண்டு எண்களும் நின்றன. நெடுநேரம் நின்றன. பயமுறுத்திவிட்டோமோ என்று மெஹர் நினைத்தாள்.

பிறகு சுலோச்சனாவின் வரி வந்தது. ராயப்பன்னு ஒருத்தர் இருக்காரா?

மெஹருக்குப் புரியவில்லை. இருக்கிறார் அம்மா, நாகர்கோவிலில் இருக்கிறார் என்று அனுப்பினாள்.

நிஜமாவா, என்றது திரை. இருட்டுல பைத்தியம் புடிச்சுரக் கூடாதுன்னு என் மனசே ஒரு ஆளை உண்டாக்கிக் குடுத்திருக்குன்னு நெனச்சேன். நான் ஊரு தாண்டி எங்கயும் போனதில்ல. அதனால மனசு லாரிக்காரனாப் பாத்துக் குடுத்திருக்குன்னு நெனச்சேன்.

மெஹர் அதைச் சத்தமாகப் படிக்க முயன்றாள். பாதியில் முடியவில்லை. மீதியைக் குழந்தைவேல் படித்தார்.

ராயப்பனின் எண் வெகுநேரம் ஏறவில்லை. ஏறியபோது வரி துண்டு துண்டாக வந்தது.

அம்மா, மன்னிச்சிருங்க. நீங்க நெசம்னு எனக்குத் தெரியாது. என் நெனப்புதானேன்னு இத்தன நாளா வா, போ, நீன்னு பேசிட்டேன். என்னென்னமோ பேசிட்டேன். நீங்க எல்லாத்தையும் கேட்டுட்டா இருந்தீங்க?

கேட்டுட்டுத்தான் இருந்தேன், என்றார் சுலோச்சனா. நீன்னே கூப்பிடு. நீங்கன்னா யாரோ மாதிரி இருக்கு.

டாக்டர் போனில், ரங்கராஜ் லைனில் இருக்கிறார், சொல்லட்டுமா என்று கேட்டார். மெஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். அம்மா, உங்கள் வீட்டுக்காரர் போனில் காத்திருக்கிறார். அவர் குரலை உங்களுக்குக் கேட்கும்படி செய்ய முடியும். நீங்கள் சொல்வதையும் அவருக்குச் சொல்கிறோம். இப்போதே இணைக்கட்டுமா?

சுலோச்சனாவின் எண் கொஞ்சம் ஏறி நின்றது. மறுபடி ஏறியது. என்ன சொல்வது என்று அவர் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அவரு நல்லா இருக்காரா, என்று முதலில் வந்தது. சாப்புட்டாரான்னு கேளுங்க.

பிறகு இன்னொரு வரி.

ஒரே ஒரு நிமிசம் இருக்கச் சொல்லுங்க கண்ணு. நடுப்பாலத்துல நிக்கிறோம். தாண்டினதும் பேசறேன்.